'வாட்' என்று கேட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கில வாக்கிய அமைப்பு பற்றி வந்த பாடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தாள், பத்தாவது படிக்கிறாள். வெர்பைப் பார்த்து 'வாட்' என்று கேள், பதில் வந்தால் அது ஆப்ஜெக்ட், அதாவது செயப்படுபொருள், என்று போட்டிருந்தீர்கள். நானும் 30 வருடம் ஆங்கில வாத்தியாராக இருந்தவன்தான், இதே குறுக்குவழியை ஆரம்பத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டவன்தான், அதனால் திட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் நான்காவது கேள்வியில் 'ஹி பிகேம் எ டாக்டர்' என்று கொடுத்துவிட்டு விடையில் எஸ்விஓ (சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்) என்று அச்சடித்திருப்பது தப்பு. அது எஸ்விசி, கடைசியில் வரும் சி காம்ப்ளிமென்ட், அதாவது ஒருவர் என்னவாக, எப்படி இருக்கிறார் என்று நிரப்பிச் சொல்லும் சொல்.

பிகேம் வாட்? எ டாக்டர். பதில் வந்துவிட்டது, சரி. ஆனால் அவர் எந்த டாக்டரையும் ஒன்றும் செய்யவில்லையே, அவரேதான் டாக்டர்! எதை, என்னவாக இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'வாட்'தான், குழப்பமே அங்கேதான். தமிழில் சொல்லிப் பாருங்கள், 'டாக்டரைப் பார்த்தார்' என்று வரும், 'டாக்டரை ஆனார்' என்று யார் வாயிலும் வராது. ஐ உருபு ஒட்ட மறுத்தால் ஆப்ஜெக்ட்தானா என்று ஒருமுறை யோசி என்று அவளிடம் சொன்னேன்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி ஒன்று. 'ஷி மேட் ஹிம் எ கேக்', 'ஷி மேட் ஹிம் எ ஹீரோ'. கடைசிச் சொல் ஒன்றுதான் வேறு. தமிழில் முதலாவது 'அவனுக்கு ஒரு கேக் செய்தாள்', அடுத்தது 'அவனை ஹீரோ ஆக்கினாள்'. முதல் 'ஹிம்' இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், இரண்டாவது 'ஹிம்' டைரக்ட் ஆப்ஜெக்ட், ஹீரோ அவன் என்ன ஆனான் என்று சொல்லும் காம்ப்ளிமென்ட். ஆங்கிலம் காட்டாததை நம் கு-வும் ஐ-யும் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள், எட்டாம் வகுப்பில் வேற்றுமையைப் படித்தபோது இது எதற்கென்றே தெரியவில்லையாம்.

இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'ஹி ஆன்சர்ட் த கொஸ்டின்' என்பதைக் 'கேள்விக்குப் பதில் சொன்னான்' என்றுதான் சொல்வோம், ஐ வரவில்லை, ஆனாலும் ஆங்கிலத்தில் அது ஆப்ஜெக்ட்தான். அங்கே பாசிவாக, அதாவது செயப்பாட்டு வினையாக, மாற்றிப் பார்க்க வேண்டும். 'த கொஸ்டின் வாஸ் ஆன்சர்ட்' நன்றாக நிற்கிறது. 'எ டாக்டர் வாஸ் பிகம்' என்று சொல்ல முடியுமா?

வெர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பதும் சரியில்லை. 'ஷி டேஸ்டட் த சூப்' என்றால் அவள் ருசி பார்த்தாள், ஆப்ஜெக்ட் கேட்கும் டிரான்சிடிவ் வெர்ப். 'த சூப் டேஸ்டட் சால்ட்டி' என்றால் சூப் உப்புக் கரித்தது, அதே வெர்ப் இங்கே சூப்பையும் அதன் காம்ப்ளிமென்ட்டையும் இணைக்கும் லிங்கிங் வெர்ப். குவிர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நால்வரும் 1985-ல் கொண்டுவந்த அந்தத் தலையணை அளவு ஆங்கில இலக்கண நூலே அடிப்படை அமைப்பு ஏழுதான் என்கிறது, அந்த ஏழையும் பிரிப்பது வெர்ப் அந்த வாக்கியத்தில் பக்கத்தில் எதைக் கேட்கிறது என்பதுதான். உங்கள் பாடத்தில் வெர்ப் வகை கடைசிப் பத்தியில் வருகிறது, அதை முதலில் கொண்டுவரலாம்.

நான்காவது கேள்விக்கான திருத்தத்தை அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் போட்டுவிடுங்கள். கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர்.