தெற்கு வீதியில் கேட்ட தோடி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, பேப்பரை மறுபடியும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறார். உன் மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னதும் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம்.

போன வாரம் ஆடுதுறைப் பக்கம் ஒரு சிவன் கோயில் வைகாசித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ரிஷப வாகனம், இரவு முழுக்க நாதஸ்வரக் கச்சேரி, இரண்டு நாயனம், இரண்டு ஸ்பெஷல் தவில். கும்பகோணத்தில் படிக்கும்போது ராத்திரியில் சாமி பின்னாலேயே நடந்து கேட்போமே, அதன் பிறகு இப்படி வீதியில் நின்று நான் கேட்கவே இல்லை. மண்டபத்தில் நாற்காலி போட்டுக் கேட்டதெல்லாம் கணக்கில் சேராது என்று இப்போது தோன்றுகிறது.

கோபுர வாசலில் தவில் தொடங்கி, கம்பீர நாட்டையில் மல்லாரி எடுத்தார்கள். பாட்டு வரியே இல்லாத உருப்படி, காலம் மாற மாற உடம்பு தானாக நிமிர்கிறது. ஆனால் அங்கே விழாக்காரர்கள் ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்திருந்தார்கள், காது கிழிந்தது. திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியத்துக்கு மைக் எதற்கு? தெற்கு வீதி திரும்பியதும் வயர் எட்டவில்லை, ஸ்பீக்கர் நின்றது, அங்கேதான் எனக்குக் கச்சேரி ஆரம்பமானது. பெரிய நாயனக்காரர் தோடி ராகத்தை எடுத்தார். திருவாவடுதுறை அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், தோடிக்கென்றே பேர்போன நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் ஊர், அந்த மண்ணில் தோடி வாசிக்க ஒரு நெஞ்சுரம் வேண்டும். மனுஷர் அவசரமே படவில்லை. காந்தாரம் என்ற ஒரே ஸ்வரத்திலேயே வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார், திண்ணையில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், பல்லக்குத் தூக்கிகள் மாதிரி தோளில் பாரத்தோடு நின்ற வாகனம் தூக்குகிற பிள்ளைகள்கூட முனகவில்லை. எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது.

சாமி உள்ளே போனபிறகு பஸ் இல்லை. தேரடி டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே நடந்த பேச்சைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பக்கத்தில் ஒரு வயசாளி, இளவயதில் ஒத்து, அதாவது நாயனத்துக்கு விடாமல் சுருதி கொடுக்கிற குழல், ஊதியவராம். "ஒத்துக்காரன் மூச்சு வாங்குறது வெளிய தெரியக் கூடாது தம்பி. கன்னத்துல காத்தை அடக்கிக்கிட்டு மூக்கால இழுக்கணும், விடிய விடிய" என்றார். இப்போது சுருதிப் பெட்டி வந்துவிட்டதே, வருத்தமில்லையா என்று கேட்டேன். "பெட்டி விலகாது, அது நல்லதுதான். ஆனா வாசிக்கிறவர் அசந்தா, அது அவரைத் திரும்பிப் பார்க்காது" என்றார். அவர்தான் நீளமான பாரி நாயனம் பிறந்த கதையும் சொன்னார்: பழைய, குட்டையான திமிரி நாயனத்தில் சுத்த மத்தியமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசாது என்று ராஜரத்தினம் பிள்ளை விடாமல் கேட்க, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளத்தைக் கூட்டி, துளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துச் செய்து கொடுத்தாராம். இன்று நாம் கேட்கிற நாயனம் பெரும்பாலும் அதுதான்.

எதிர் பெஞ்சில் ஒரு பெண், அரசு இசைப்பள்ளியில் தவில் படிக்கிறாள், அப்பாவோடு வந்திருந்தாள். மல்லாரியில் ஒரு தீர்மானம், அதான் முடிக்கிற தாளக்கோர்வை, பிடிபடவில்லை என்று கேட்டதும் கிழவர் டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுப் பெஞ்சிலேயே தட்டிக் காட்டினார். அவளும் தட்டினாள். கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஆனால் என்னை அசைத்தவர் வேறொருவர். கச்சேரி முழுக்க எனக்கு முன்னால் கைகட்டி நின்ற மனிதர், பழைய வீடுகளை இடித்து மரம் விற்பது தொழில். நாயனம் ஆச்சா மரத்தில் செய்வது உனக்குத் தெரியும், ஆனால் அறுத்த புது மரம் ஆகாது, வெடித்துவிடும், பல பத்தாண்டு வீட்டுக்குள் நின்று ஈரம் முழுக்கப் போன உத்தரமும் தூணும்தான் வேண்டும் என்பது எனக்குப் புதிது. இவர் அப்படிப்பட்ட கட்டைகளைத் தனியே எடுத்து வைத்து நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்கிறவர்களுக்குக் கொடுப்பாராம். "வீட்டை இடிக்கிறப்ப அந்தக் குடும்பம் நின்னு அழும் சார், எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கும். இங்க வந்து கேட்டா, எந்த வீட்டு உத்தரமோ பேசுதுன்னு நினைச்சுக்குவேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதைப் பற்றிக் கேட்டேன். பெயர் வந்தது சந்தோஷம், மரம் கிடைப்பதுதான் வர வரக் கஷ்டம், இடிக்கிற ஒப்பந்தக்காரர்கள் என்ன மரம் என்று பார்க்காமலே செங்கல் சூளைக்கு விறகாக ஏற்றிவிடுகிறார்கள் என்றார்.

முதல் பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் ஏறியதும் எனக்கு உன் நினைவுதான். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து தாத்தா வீட்டை ஆவணியில் இடிக்க முடிவெடுத்ததாக எழுதியிருந்தாய். முடிவை மாற்றச் சொல்லவில்லை, கூரை இறங்கிவிட்ட வீட்டை யாரால் காப்பாற்ற முடியும். ஆனால் கூடத்து உத்தரமும் முற்றத்துத் தூண்களும் தேக்கு என்று உன் சித்தப்பா சொல்வாரே, அது எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் ஆச்சாவும் நிறையப் போட்டிருக்கிறார்கள். தெரிந்த ஆசாரி யாரையாவது கூட்டிப் போய் ஒரு தடவை பார். ஆச்சாவாக இருந்தால் ஒப்பந்தத்தில் மரத்தைச் சேர்க்காதே, காசு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அந்த மரக்காரரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் நல்லவர், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார். இடிக்க ஆள் இறங்கும் முன் எனக்கு ஒரு போன் போடு, அவரை நானே அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்