சிறிய மடிக்கணினி உன் ஆய்வுக்குப் போதுமா: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 11.6 அங்குல மடிக்கணினி ஒன்றை இப்போதே வாங்கலாமா, அல்லது உதவித்தொகை வரும் வரை பொறுத்துப் பெரியதாக வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். விலையைப் பார்ப்பதற்கு முன், நீ கணினியில் என்னென்ன வேலை செய்கிறாய் என்பதைப் பார்ப்போம். கொடை விழாக்களில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்கிறாய், விடுதிக்குத் திரும்பி அதைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்குகிறாய், பிடிஎஃப் நூல்களைப் படிக்கிறாய், இயல்களை வேர்டில் தட்டச்சு செய்து நெறியாளருக்கு அனுப்புகிறாய். காணொளித் தொகுப்போ வரைகலை வேலையோ இதில் இல்லை. ஆகவே உனக்கு வேகமான செயலி தேவையில்லை. 6 வாட் மின்சாரத்தில் ஓடும் இன்டெல் என்100 போன்ற சிறிய செயலியே தாங்கும். அவ்வகைக் கணினிகள் பலவற்றில் விசிறி கிடையாது என்பதால், பதிவுக்கருவிக்குப் பக்கத்தில் வைத்தாலும் இரைச்சல் பதிவில் ஏறாது. கிராமம் கிராமமாகப் பேருந்தில் போகும் உனக்கு அதன் எடையும் பெரிய உதவி.

நினைவகத்தில்தான் நீ விட்டுக்கொடுக்கக் கூடாது. விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். மலிவான கணினிகள் பலவும் சரியாக அந்த அளவோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலும் ரேமும் இஎம்எம்சி என்னும் மலிவான சேமிப்புச் சில்லும் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. உன் பதிவுகளையே கணக்கிட்டுப் பார். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும். இரவெல்லாம் நடக்கும் கொடையில் ஆறு மணி நேரம் பதிவானால் 6 ஜிபி. 64 ஜிபியில் விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் பாதியளவை எடுத்துக்கொண்டால், ஐந்து கொடைகளில் இடம் தீர்ந்துவிடும். அதன் பின் புதுப்பிப்புகளை இறக்கவும் இடம் இராது. வெளி வன்தட்டு ஒன்று எப்படியும் உனக்கு வேண்டும், ஆனால் அது நகல் வைப்பதற்காக இருக்க வேண்டுமே தவிர, கணினியில் இடமில்லை என்பதற்காக அல்ல.

விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம்ஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினி விலை குறைவு, மின்கலமும் நெடுநேரம் நிற்கும். 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்தாண்டு புதுப்பிப்பு உண்டு என்றாலும், அந்தக் கணக்கு நீ வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடலுக்கு அடிப்படையான வன்பொருள் தளம் முதலில் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது. உன் விஷயத்தில் எனக்குள்ள தயக்கம் வேறு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010 இல் தரமாக அறிவித்த பிறகும், அதற்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் கோப்புக் கேட்கும் அச்சகங்கள் இருக்கின்றன. அந்த எழுத்துருக்களும், என்ஹெச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சுக் கருவிகளும் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. ஆய்வேட்டை நூலாக்கும் எண்ணம் உனக்கு இருப்பதால், விண்டோஸிலேயே இரு என்பதுதான் என் கருத்து.

கடைக்குப் போனால் விசைப்பலகையில் நீயே தட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதே. நீ பழகியிருக்கும் தமிழ்99 அமைப்பில் ந, ய, ச, ஞ, ழ ஆகிய எழுத்துகள் ஆங்கிலப் பலகையின் நிறுத்தற்குறி விசைகளில், வலது ஓரத்தில் வருகின்றன. சிறிய கணினிகளில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக முதலில் குறுக்கப்படுபவை அந்த ஓரத்து விசைகளே. ஆங்கிலத்தில் தட்டிப் பார்ப்பவருக்கு இந்தக் குறை தெரியாது. மணிக்கணக்கில் தமிழில் அடிக்கும் உனக்கோ ஒவ்வொரு வரியிலும் விரல் தடுக்கும். அலமாரியில் உள்ள மாடலில் ‘நெஞ்சம்’, ‘யாழிசை’ என்று சில சொற்களை அடித்துப் பார், உடனே புரிந்துவிடும். திரையைப் பக்கவாட்டிலிருந்தும் பார். நிறம் வெளுத்துப் போனால் ஒற்றுப்புள்ளிகளைத் தேடியே கண் களைத்துவிடும்.

இந்த விலையிலேயே அலுவலகங்களில் ஓடிய பழைய மடிக்கணினிகளும் புதுப்பித்து விற்கப்படுகின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11 ஓடும் கணினிதான் வேண்டும்; ஆகவே இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது எதையும் எடுக்காதே. மின்கலத்தின் நிலையையும் கேட்டுக்கொள்.

8 ஜிபி ரேமும் 128 ஜிபி சேமிப்பும் கொண்ட சிறிய கணினி கிடைத்து, அதன் விசைகள் உன் விரலுக்கு ஒத்துவந்தால், உதவித்தொகைக்காகக் காத்திருக்காமல் வாங்கிவிடு. கூடுதலாகும் தொகையை நான் அனுப்புகிறேன். 4 ஜிபி, 64 ஜிபி மட்டுமே கிடைத்தால் பொறுத்துக்கொள், அதுவரை பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் சமாளிக்கலாம். யுஎஸ்பி-சி வழியாக மின்னேற்றம் செய்ய முடியுமா என்றும் கேள். முடியுமானால், மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களில் அதற்கேற்ற திறனுள்ள பவர் பேங்க் ஒன்றே போதும். இரண்டு மூன்று மாடல் எண்களைக் குறித்து அனுப்பு, சனிக்கிழமை பேசும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா