கூட வருபவரையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வுக்குப் பின் விடுவிக்கப்பட்டார்கள். தையல், தச்சு என்று தொழில் பழக்கி அனுப்பினார்கள். நள்ளிரவில் அலறி எழும்புகிறவரை எப்படித் தணிப்பது என்று வீட்டிலிருப்பவருக்கு யார் பழக்கினார்கள்?

கிளிநொச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த வீடொன்றில், கோயில் திருவிழா வெடி கேட்டால் போதும், அந்த மனிதர் கட்டிலுக்கடியில் போய்விடுவார். மனைவி அவரைத் தொடமாட்டார். சற்றுத் தள்ளிக் குந்தியிருந்து, பெயர் சொல்லி, "இது எங்கட வீடு, நான்தான் இருக்கிறன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். உளவளத்துணையாளர்கள் சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதைத்தான். மனைவி அதைப் பட்டுத் தெளிந்தார். ஊராருக்கோ கணவரின் நிலை பேய்க்குணம். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு, அதாவது போர் மனதில் விட்டுப்போன காயம் என்றால் யார் காதில் ஏறுகிறது?

மனநல கிளினிக் நாளில் கூலி வேலையை விட்டுவிட்டு மனைவியும் கூடப் போகிறார். மாத்திரை கணவருக்கு, "நீங்கள் நித்திரை கொள்கிறீர்களா, அம்மா?" என்று அவரை எவரும் கேட்பதில்லை.

கூட வருபவருடன் தனியே பேசப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்றைய கூலிக்கு ஈடாக ஒரு சிறு கொடுப்பனவையும் பிரதேச செயலகங்கள் ஊடாக வழங்கலாம். கருத்தரங்கும் பதாகையும் பிறகு பார்க்கலாம்.

வாசகர் ஒருவர்,
வன்னி