ஆவணக் காப்பக நூலாசிரியர் உரை: வருவோர் கவனத்துக்கு

நண்பர்களே, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் மெக்கோவன் அரங்கில் நடக்கும் அமெரிக்க வரலாற்று நூலாசிரியர் உரைகளுக்குக் கட்டணம் கிடையாது. சுமார் 290 இருக்கைதான், முன்பதிவு செய்துவிடுங்கள். அதே கட்டடத்தில் இருக்கும் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் மூலப் பிரதியைப் பார்க்க நிற்கும் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். கான்ஸ்டிடியூஷன் அவென்யூவில், 7வது தெரு முனைப்பக்கம் தனி வாசல் உண்டு. பாதுகாப்புச் சோதனை இருப்பதால் அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள்.

ஊரிலிருந்து யூடியூபில் நேரலை பார்ப்பவர்களுக்கு: பகல் 1 மணி உரை என்றால் கோடையில் இந்திய நேரம் இரவு 10:30. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் 11:30.

கேள்வி கேட்க நினைப்பவர்கள் நூலின் கடைசியில் உள்ள சான்றுக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு வாருங்கள். "இந்தக் கடிதம் எந்தத் தொகுப்பில் கிடைத்தது?" என்று ஒரே வரியில் கேட்டால், ஆசிரியர் தேடிய கதை முழுக்க வெளியே வரும். அதைக் கேட்கத்தானே போகிறோம்! மைக்கில் சொந்தக் கருத்தை நீட்ட வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு நேரம் கிடைக்காது.