கூட்டுச் சுவரோவியப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வேலை இழந்தவர்கள் கூடி வரைந்த சுவரோவியப் பணி முடிந்தது. சாரம் பிரித்தாயிற்று. யாருக்கும் கூலி பாக்கி இல்லை. தணிக்கையான கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. உறுப்பினர் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. கடன் ஏறி நிற்கும் நேரத்தில் சுவருக்கு வண்ணம் எதற்கு, பணத்தை நேராகக் கையில் கொடுத்துவிடலாமே என்று. நியாயமான கேள்வி. அதனால்தான் வரவில் பெரும்பகுதி கூலிக்கே போக வேண்டும் என்று முதல் தீர்மானத்திலேயே எழுதினோம். படம் வரைந்தவர், சாரம் கட்டியவர், பழைய வண்ணத்தைச் சுரண்டியவர் எல்லோருக்கும் ஒரே நாள்கூலி. கலை ஆர்வம் இருந்தால் சும்மா வந்து செய்யட்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1933இல் ஜார்ஜ் பிடில் என்ற ஓவியர் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். மெக்சிகோ ஓவியர்கள் குழாய் வேலை செய்பவரின் கூலிக்கு அரசுக் கட்டடச் சுவர்களில் வரைந்ததை அதில் எடுத்துக்காட்டினார். அந்த டிசம்பரிலேயே பொதுக் கலைப்பணித் திட்டம் தொடங்கியது. 1934 ஜூனுக்குள் ஏறத்தாழ 3,700 கலைஞர்கள் அதில் வாரச் சம்பளம் வாங்கினார்கள். 15,000க்கும் மேற்பட்ட படைப்புகள் உருவாயின. 1935இல் வந்த கூட்டாட்சிக் கலைத் திட்டம் 1943 வரை நடந்தது. கலைஞரும் வேலையில்லாத் தொழிலாளியே என்று அன்று ஒத்துக்கொண்டதுதான் எங்களுக்கு வழிகாட்டியது.

சுவர்தான் அதிக நாள் வாங்கியது. உப்புப் பூத்த இடங்களில் மேலே வண்ணம் பூசினால் சீக்கிரமே உரிந்துவிடும். ஈரம் வரும் வழியை முதலில் அடைத்தோம். புதுச் சிமெண்ட் பூச்சு நான்கு வாரம் இறுகட்டும் என்று காத்திருந்தோம். ஈரச் சுண்ணாம்பில் தீட்டலாம் என்ற யோசனையும் வந்தது. ஆனால் அன்று பூசிய பகுதியை அது காய்வதற்குள் தீட்டி முடித்தாக வேண்டும். முதல்முறை தூரிகை பிடிப்பவர்களுக்கு அந்த அவசரம் ஒத்துவராது. அதனால் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் வண்ணத்தையே எடுத்தோம். மாதிரிப் படத்தைச் சுவரில் கட்டம் போட்டுப் பெரிதாக்கியதால், ஆளுக்குச் சில கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள முடிந்தது.

படத்தில் பூட்டிய ஆலைக் கதவு வேண்டுமா என்பதில் பெரிய வாக்குவாதம். தினமும் பார்த்தால் மனசு கனக்கும் என்றார்கள் சிலர். நடந்ததை மறைத்துவிட்டுப் பூ மட்டும் வரைவதா என்றார்கள் மற்றவர்கள். மேற்சொன்ன பொதுக் கலைப்பணித் திட்டத்தில் சான் பிரான்சிஸ்கோவின் காய்ட் கோபுரத்துக்குள் வரைந்த படங்களும் அரசியல் பேசுகின்றன என்ற சர்ச்சையில் சிக்கின. 1934இல் மாதக்கணக்கில் திறப்பு தள்ளிப்போனது. கடைசியில் வாக்கெடுப்பு நடத்திக் கதவை வரைந்தோம். படத்திலேயே உண்மையான பகுதி அதுதான் என்பது குழுவின் கருத்து.

சாரம் ஏற முடியாதவர்களுக்குத் துணிப்பட்டறை நடந்தது. சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பின், கணவரையோ வருமானத்தையோ இழந்த பெண்கள் சாக்குத் துணியில் பழைய துணித் துண்டுகளை ஒட்டித் தைத்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள்; அவை வெளிநாடுகளில் விற்று வீட்டுச் செலவுக்கு உதவின. ஆர்ப்பியேரா எனப்படும் அந்த முறையைத்தான் நாங்களும் பின்பற்றினோம். விற்ற பணம் முழுவதும் தைத்தவர்களுக்கே போய்ச் சேர்ந்தது; குழு எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை.

பணிசெய்த அனைவரின் பெயரும் அகரவரிசையில் சுவரோரம் இருக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறோம்.

இனிப் பராமரிப்பு. சுவரை மென்மையான துணியும் தண்ணீரும் கொண்டு துடைத்தால் போதும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். மழை முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை வெடிப்பு பார்க்க இரண்டு பேர் வேண்டும். கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை இந்தப் பராமரிப்புக் கூலிக்கு ஒதுக்குவதா, அடுத்த துணிப்பட்டறைக்குக் கொடுப்பதா என்பதை வரும் பொதுக்குழுவில் முடிவு செய்யலாம். தீர்மானம் கொண்டுவருபவர்கள் வரைவைச் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.