ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

அண்ணா,

நேற்று அப்பாவின் திதி. காக்கைக்கு இலை வைத்துவிட்டு வந்த கையோடு பின்கட்டுச் சாய்ப்புக்குப் போய், சோக்கை இழுத்து, செல்ஃப் அடித்தேன். அப்பாவின் பழைய பியட் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அம்மா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “யாரு வந்திருக்கா?” என்று கேட்டாள்.

அம்மா அப்படிக் கேட்டதை உன்னிடம் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். உனக்குத் தனியாக அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் பதில் வராததால், இதை ஊரறிய எழுதவேண்டியதாயிற்று.

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறுதோறும் நீ கேட்டபோதெல்லாம், “பத்து நிமிஷம் ஓடவிட்டேன்” என்று நான் சொன்னதில், அப்பா போன முதல் சில மாதங்களைத் தவிர வேறெதுவும் உண்மையில்லை. பாட்டரி இறங்கியது, புதிது வாங்க நீ பணம் அனுப்பினாய், நான் வாங்கவில்லை. அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதை இங்கே எழுத மாட்டேன், ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு. அந்த ஆண்டு வீட்டில் யார் படுத்திருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். வண்டியை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவது நன்மையைவிடக் கெடுதலையே அதிகம் செய்யும் என்றும், ஆயில் சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் உள்ளே கோத்த ஈரம் சைலன்சரையும் எஞ்சினையும் அரித்துவிடும் என்றும் மேலப்பாளையத்து மெக்கானிக் பாய் சொல்கிறார். ஆகவே நீ சொன்னபடி நான் செய்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. இதைச் சாக்காகச் சொல்கிறேனா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் சாக்குத்தான்.

ஆனால் வண்டியைக் கடைசியாக நிறுத்தியது நான் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் அப்படியே விட்டுவிட்டுச் சாவியைச் சாமி அலமாரியில் போட்டவன் நீ. பதினோரு ஆண்டுகளில் பின்சக்கரங்களின் பிரேக் ஷூ இரண்டும் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டன. பாய் மரச்சுத்தியலால் டிரம்மைச் சுற்றிச் சுற்றி ஒரு பகல் முழுக்கத் தட்டினார். சாயங்காலம் இடப்பக்கச் சக்கரம் தேங்காய் உடைவதுபோல் ஓர் ஓசையோடு விட்டுக்கொடுத்தபோது, நான் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக உன்னைத்தான் திட்டினேன்.

பாய் முதல் மூன்று நாள்கள் என்னைச் சாவியைத் தொடவே விடவில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி, இரண்டு ராத்திரி ஊறவிட்டார். பிறகு பிளக்குகளை மாட்டாமலே டாப் கியரில் போட்டு, பின்னாலிருந்து அவரும் அவர் பேரனும் வண்டியை நெம்ப, முன்னால் நின்று ஃபேனையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். இறக்கை அசையவில்லை. மறுபடியும் நெம்பினார்கள். கால் சுற்று, மிக மெதுவாக, தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப்போல அது திரும்பியது. பிஸ்டன் பிடித்துப் போகவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சியாம்.

ஏர் கிளீனரைத் திறந்தால் எலிக்கூடு. அப்பா கண்ணாடி துடைக்க வைத்திருந்த வேட்டிக் கிழிசலை, அதன் பச்சைக்கரையோடு, நார்நாராக்கி வைத்திருந்தது. டாங்கிலிருந்து வடித்ததில் பெட்ரோல் வாடையே இல்லை; பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது போலிருந்தது. கார்புரேட்டர் ஜெட்டுகளில் கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும் என்று காற்றடித்தே சுத்தம் செய்தார். டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் ஏசி பம்பின் டயாஃப்ரம் அப்பளம்போல் விறைத்திருந்தது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரை இளக்கிவிடும் என்பதால் ஓஸ்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். செலவுக் கணக்கைத் தனியே அனுப்புகிறேன். பங்கு கேட்பதற்காக இல்லை.

பாய் பகல் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், நான் முந்திக்கொண்டு பிளக் ஒயர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக மாட்டிச் செல்ஃப் அடித்துப் பார்த்தேன். வண்டி கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் தும்மியது. தெருநாய்கள் எல்லாம் குரைத்தன. அப்போதுதான் அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது. “ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்.” பிளக்குகள் தீப்பொறி விடவேண்டிய வரிசை அது. உனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள். மாருதி 800 வந்த மறு ஆண்டில், எல்லாரும் தடுத்தும், பியட்தான் வண்டி என்று வாங்கிய மனிதருக்குத் தன் மகளும் ஓட்டுவாள் என்பது மட்டும் கடைசிவரை தோன்றவில்லை. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அந்த ராத்திரியைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. 1989 ஐப்பசி; திருநெல்வேலி டவுனில் கல்யாணம் முடிந்து வரும்போது, ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல்தட்டில், கொட்டும் மழையில் வண்டி நின்றுவிட்டது. அம்மாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு நாம் இருவரும் தள்ளினோம். உனக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து. ஜங்ஷன் பக்கத்து இறக்கத்தில் அப்பா இரண்டாவது கியரில் கிளச்சை விட்டதும் வண்டி உதறிக்கொண்டு எடுத்தது. நீ ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாய். என் இடதுகால் செருப்பு வார் அறுந்திருந்தது. குனிந்து அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பின்விளக்கின் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மழைக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. அப்பா சுற்றிக்கொண்டு திரும்பி வரக் கால்மணி நேரமாயிற்று. நான் கைப்பிடிச் சுவரோரம், கீழே போகும் ரயிலின் சன்னல் வெளிச்சங்களை எண்ணிக்கொண்டு நின்றேன். “நிறுத்துனா வண்டி அமந்துரும்லா” என்றார் அப்பா. நீ ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் அந்த மௌனத்தை வைத்துத்தான் உன்னை எடை போட்டிருக்கிறேன்.

நேற்று அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு அம்மா தானாகவே பேசினாள். நீ கதவைத் திறந்து குதிக்கப் போனாயாம். அவள்தான் உன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாளாம். ஜங்ஷன் வரும்வரை நீ அழுதாயாம். ஏன் அண்ணா என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் என் சிறுபிள்ளைக் கோபத்தை இத்தனை பத்திரமாக வைத்திருக்க மாட்டேனே.

இன்னொன்றும் சொன்னாள். இறக்கத்தில் ஒரு கால் கிளச்சிலும் ஒரு கால் ஆக்ஸிலேட்டரிலும் இருக்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்த ஹேண்ட் பிரேக் வேண்டும். அந்த வண்டியில் அது அப்போது பிடிக்காது. மறுவாரமே அப்பா கேபிளை மாற்றினாராம். அதற்குப் பிறகு யார் எங்கே நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக்கை இழு, இழு என்று அவர் கத்தியதை நானும் கேட்டிருக்கிறேன். எதற்கென்று யோசித்ததில்லை. அந்த மரச்சுத்தியல் நாளில் உன்னைத் திட்டியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் மற்றதை எடுத்துக்கொள்ள மாட்டேன். பதினைந்து ஆண்டு ஆன வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டே ஆகவேண்டும் என்று நீ அனுப்பிய செய்தி டெல்லித் தலைநகர்ப் பகுதிக்கானது. இங்கே வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். அப்பா 2009-இல் செய்தது 2014-இல் முடிந்துபோயிற்று. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-இல் 5,000 ஆகி, இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. தாமதித்ததற்கான அபராதம் வேறு. அதை நான் கட்டிக்கொள்கிறேன். வீட்டைப் பற்றி நீ சொன்னதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன். அது வேறு, இது வேறு.

ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுக்கு மாற்றும் படிவம் 31-ஐ என் பெயருக்கு நிரப்பிவிட்டேன். அம்மா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். உன்னுடையது பதிவுத் தபாலில் வருகிறது. பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்பு.

புது ஷூவும் வீல் சிலிண்டர் கிட்டும் வரும்வரை வண்டியைத் தெருவில் இறக்கக்கூடாது என்பது பாயின் உத்தரவு. முற்றத்துக்குள் பத்தடி முன்னும் பத்தடி பின்னுமாக ஓட்டுகிறேன். ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதில்லை; பின்சக்கரத்துக்கு அம்மியின் உடைந்த குழவியை அண்டக் கொடுத்திருக்கிறேன்.

உன் தங்கை