மகள், அந்த விலை கூடின போர்ட் வேண்டாம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

வீடியோ வெட்டுகிற வேலைக்கு நீங்க பூட்டப்போற கம்பியூட்டருக்கென்று அனுப்பின இரண்டு மதர்போர்டின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இவ்வளவத்தையும் ஃபோனில் தட்ட என்னால ஏலாது. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். எழுத்து விளங்காவிட்டால் அம்மாவுக்கு எடுங்க, அவ வாசித்துச் சொல்லுவா.

முதலே முடிவைச் சொல்லிவிடுகிறேன். விலை கூடின எக்ஸ்670ஈ வேண்டாம், மலிவான பி650 வகை போதும். ஆனால் நீங்க காட்டின அந்தப் பி650உம் வேண்டாம். அதே வகையில் வேறொன்று எடுக்கவேணும்.

எக்ஸ்670, பி650 என்பதெல்லாம் போர்டில் யூஎஸ்பி மாதிரியான இணைப்புகளைப் பார்க்கிற சிப்செட்டின் பெயர். எக்ஸ்670 ஒரு தனிச் சாதி இல்லை. பி650இல் ஒன்றாக இருக்கிற அதே சிப்பை இரண்டாகப் போட்டு, ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தொடுத்திருக்கிறார்கள். அதால யூஎஸ்பி, ஹார்ட்டிஸ்க் பூட்டுகிற சாட்டா, எஸ்எஸ்டி பூட்டுகிற எம்.2 இடங்கள் கூடும். உங்கட ப்ராசசர் ரைசன் 7700இன் வேகம் கூடாது. கிராபிக்ஸ் கார்டுக்கு 16 லேனும் (தரவு ஓடுகிற பாதை) முதல் எம்.2க்கு 4 லேனும் ப்ராசசரே நேரடியாகக் கொடுக்குது, சிப்செட்டுக்கு அதில் வேலையே இல்லை. பின்னால் நிற்கிற ‘ஈ’ எழுத்து, கார்ட் செருகுகிற இடம் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்கிற இணைப்பில் ஐந்தாம் தலைமுறை என்று சொல்லுது. உங்களிட்ட இருக்கிற கிராபிக்ஸ் கார்ட் ஆர்டிஎக்ஸ் 4060 நாலாம் தலைமுறைக் கார்ட், பாவிப்பதும் எட்டு லேன் மட்டும். அதை எதில் செருகினாலும் நாலாம் தலைமுறையாகத்தான் ஓடும். கலியாண வீட்டு வீடியோ வெட்டுகிறதுக்கு ஒரு எஸ்எஸ்டி, சேமித்து வைக்க உங்கட பழைய ஹார்ட்டிஸ்க். மிச்ச இடங்களில் தூசிதான் குடியிருக்கும்.

இனி அந்த மலிவான போர்டுக்கு வருகிறேன். பவர்சப்ளை போர்டுக்கு அனுப்புவது 12 வோல்ட். ப்ராசசருக்கு வேண்டியது ஒன்றேகால் வோல்ட்டுக்குக் கிட்ட. 7700க்கு அதைச் செய்கிற ஏஎம்டி கம்பனி வைத்திருக்கிற உச்ச எல்லை 88 வொட். வகுத்துப் பாருங்க, எழுபது அம்பியர் வருது! நம்மட வீட்டு மீட்டருக்கு மின்சார சபை தந்ததே 30 அம்பியர். வோல்ட் வேற என்பதால் சக்தியை ஒப்பிட முடியாது, ஓம். ஆனாலும் செம்பையும், வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற மொஸ்ஃபெட் என்கிற சின்னச் சுவிச்சுகளையும் சுடவைக்கிறது அம்பியர்தான். இந்த எழுபதையும் ஒரு மொஸ்ஃபெட் தனியே சுமக்காது. பல பேஸாக, அதாவது பல வழியாக, பிரித்துக் கொடுப்பார்கள். கொக்கட்டிச்சோலைத் தேர் வடத்தில் ஆள் கூடினால் ஒருவர் கையில் விழும் பாரம் குறைகிற மாதிரித்தான் அது. ப்ராசசர் உட்காருகிற சொக்கெட்டைச் சுற்றி நிற்கிற சாம்பல் நிறச் சதுரக் கட்டிகள் சோக் என்கிற சுருள்கள். அதை எண்ணினால் எத்தனை பேஸ் என்று ஓரளவு பிடிபடும். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணிக்கையை அப்படியே நம்பாதீங்க. ஒரு பேஸுக்கு இரண்டு மொஸ்ஃபெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டாகக் கணக்குக் காட்டுகிற போர்டுகளும் இருக்கு.

உங்கட படத்தில் சொக்கெட்டுக்கு மேல்பக்கம் உள்ள மொஸ்ஃபெட் வரிசை அம்மணமா நிற்குது. ஒரு அலுமினியத் துண்டுகூட அதன்மேல் இல்லை. கொழும்பில் ஏசி அறைக்குள்ளே இருந்தால் சமாளிக்கும். நீங்க மார்கழியோட இஞ்ச வந்து வீட்டிலிருந்தே வேலை செய்யப் போறீங்க. சூடான கச்சான் காற்றடிக்கிற காலத்தில் மத்தியானம் உங்கட அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீடியோ ரெண்டர் பண்ணினால் மணிக்கணக்காக முழுப்பாரம். 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள், தலை வீங்கி, மண்ணிறத் தண்ணி கசிகிற கப்பாசிட்டரோட (மின்சாரத்தைச் சீராக்குகிற சின்ன உருளை) திருத்துகிற கடைக்கு வந்துகொண்டே இருந்தது நினைவிருக்கா? உள்ளே இருந்த எலக்ட்ரோலைட் திரவம் சரியில்லாமல் உலகம் முழுக்க நடந்தது அது. இப்போ போர்டில் சொலிட் பொலிமர் வகை போடுகிறார்கள், அந்தக் கரைச்சல் குறைவு. ஆனால் பவர்சப்ளைக்குள் இருப்பது இன்றைக்கும் அந்தப் பழைய வகைதான். சூடு 10 பாகை குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

ஆக, சொக்கெட்டின் இரண்டு பக்கமும் நிற்கிற மொஸ்ஃபெட்டுக்கு மேல், சூட்டை இழுக்கிற நல்ல கனமான ஹீட்சிங்க் உள்ள போர்டாப் பாருங்க.

மற்றது, இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பின்பக்கத்தில் பயோஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கவேணும். ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் வைக்கும், வேலை ஒன்றுதான். பயோஸ் என்பது போர்டை எழுப்புகிற அடிப்படை மென்பொருள். அதைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்ட் எழும்பாது. இந்த பட்டன் இருந்தால் ப்ராசசரோ ரேமோ இல்லாமலே ஒரு பென்டிரைவில் இருந்து திரும்ப எழுதலாம். பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபோர்மற் பண்ணி, கோப்புக்கு அவர்கள் சொல்கிற பெயரை வைத்து, குறித்த யூஎஸ்பியில் செருக வேணும், அவ்வளவுதான். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாடு இது. 2025 மாசியில் பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து முழு இலங்கையும் இருண்டது. பட்டன் இல்லாத போர்ட் செத்தால் அதைத் தூக்கிக்கொண்டு உதயதேவி ரெயிலில் கொழும்புக்குப் போகவேணும்.

பயோஸ் மாற்றுகிற தேவை உங்களுக்குக் கட்டாயம் வரும். இந்த போர்டுகளில் இருக்கிற ஏஎம்5 சொக்கெட் 2022இல் வந்தது. 2027க்கு அப்பாலும் கொண்டுபோவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கு. முந்தின ஏஎம்4இல், 2017இல் வாங்கின போர்டுகள் பலவற்றில் பயோஸை மாற்றிவிட்டு 2022இல் வந்த ப்ராசசரைப் போட முடிந்தது. மாமாவின் மகன் சொன்ன இன்டெல் 1700 சொக்கெட் 2021 கடைசியில் வந்து 14ஆம் தலைமுறையோட முடிந்துபோச்சு. மலிவுதான், முந்தின தலைமுறை டிடிஆர்4 ரேமும் போடலாம். ஆனால் நாலைந்து வருடத்தில் போர்டையும் சேர்த்து மாற்ற நான் விரும்பவில்லை.

கடையில் காசு கட்டமுதல் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. ஏஎம்5இல் பின்கள் ப்ராசசரில் இல்லை, போர்டில்தான் இருக்கு, 1718. டோர்ச் அடித்து, சாய்த்துப் பாருங்க. வரிசை எங்கேயாவது கலைந்து மின்னினால் வாங்காதீங்க. ஒரு பின் வளைந்தாலும் வொரன்டி தரமாட்டார்கள். பின்களுக்கு மேல் வருகிற கறுப்பு மூடியை எறியவேண்டாம், திருப்பிக் கொடுக்கும்போது அதையும் கேட்பார்கள். மூடியில்லாமல் போர்டை வீட்டில் திறந்து வைக்கவும் வேண்டாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கேற்றுக்கு எத்தனை தரம் பெயின்ட் அடித்தாலும் துரு பிடிக்கிற இடம் இது. பின்களில் உப்புக்காற்று படக்கூடாது.

ரேம் இரண்டு துண்டாக வாங்குங்க, நாலு வேண்டாம். 7700க்கு இரண்டு துண்டில் 5200 என்று இருக்கிற அதிகாரபூர்வ வேகம் நாலு போட்டால் 3600க்கு இறங்கும். ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதுமான இடத்தில் செருகுங்க. முதல்தரம் போடும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமை அது பழகிக்கொள்ளுது. பயந்து நிற்பாட்டிப்போடாதீங்க.

எக்ஸ்670ஈக்குக் கொடுக்க இருந்த காசில் மிஞ்சுவதைக் கொண்டு, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற யூபிஎஸ் ஒன்று வாங்குங்க. ப்ராசசர் 88, கார்ட் 115, மிச்சம் எல்லாம் சேர்த்து 250 வொட்டுக்குக் கிட்ட வரும். 1000 விஏ என்றால் தாராளம். உங்கட அறைப் பிளக்குக்கு ஏர்த் ஒழுங்கா வருதா என்று நான் இந்தக் கிழமை பார்க்கிறேன். ஏர்த் இல்லாவிட்டால் சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கியும் பெரிய பிரயோசனம் இல்லை.

யூனிட்டி பிளாசாவுக்குப் போனதும் போர்டின் முன்படமும் பின்பக்கத்தில் வயர் செருகுகிற துளை வரிசையின் படமும் எடுத்து அனுப்புங்க. நான் ஓம் என்ற பிறகு காசைக் கட்டுங்க. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகளில் பாதி பூட்டு, சனி காலையிலேயே போங்க. அம்மா தயிர் கொடுத்துவிடட்டுமா என்று கேட்கிறா, பதில் போடுங்க.

இப்படிக்கு,
அப்பா